ஆறாம் பி வகுப்பும் ஒரே நாயும்

மனிதகுலம் குகையை விட்டு வெளியே வந்ததே, தனக்கு நடந்ததை அடுத்தவரிடம் சொல்வதற்காகத்தான். லுமினிட்சா டீச்சர் இதைக் கரும்பலகையில் மூன்று வண்ணத்தில் எழுதியிருந்தார். எதிரே இருந்த இருபத்து நான்கு பிள்ளைகளுக்கும் நடந்தது என்னவோ ஒன்றுதான்: கோடை விடுமுறை, கார்பேத்திய மலை, மழை, வழி தவறியது, ஒரு நாய் வந்து வழி காட்டியது. எல்லாரும் மனப்பாடம் செய்த துணைநூலில் நாற்பத்தோராம் பக்கம்.

புசாவ் நகரப் பள்ளியில் பதினெட்டு வருடம் ருமேனிய மொழி நடத்தியவருக்கு முதல்நிலை ஆசிரியர் பட்டம் இன்னும் கைக்கு எட்டவில்லை. இன்றைய பாடத்துக்கு இன்ஸ்பெக்டர் போடும் மதிப்பெண்தான் அதற்கு வழி. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, உபசாரத்துக்கு வைத்த சீஸ் பலகாரத்தைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

நாய்க் கதை சொல்லவேண்டிய கோரினா அன்று பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

"வேற யாராவது சொல்றீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

எழுந்தவள் ஸ்மராந்தா. 'நான் மலைக்கே போனதில்லையே டீச்சர்' என்று ஒத்திகையிலேயே குறுக்கே பேசியவள்.

"போன வியாழக்கிழமை, பதினோரு மணி, இதே ரூம்," என்று ஆரம்பித்தாள். "நாலாவது ஒத்திகை. எங்க பாத்தாலும் சாக்பீஸ் நெடி. நாய் வர்ற எடத்துல கோரினாவுக்கு அழுகையே வரல. 'அழுடி கண்ணு, என் மானம் போயிடும்'னு டீச்சர் கெஞ்சினாங்க. அப்புறம் கைப்பைலேர்ந்து பாதி வெங்காயம் எடுத்தாங்க. கோரினா அழல. டீச்சர்தான் அழுதாங்க. அவங்களுக்கும் எங்கள மாதிரியே பரீட்சை பயம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பாவமா இருந்துச்சு."

பதினெட்டு வருடமும் போயிற்று என்று டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பலகாரத்தைக் கீழே வைத்தார். "நேரம் இருக்கு, எடம் இருக்கு, வாசனை இருக்கு, பேச்சு இருக்கு, மனசுல பட்டதும் இருக்கு." எண்ணிக்கொண்டே வந்ததில் ஒரு கை விரல் தீர்ந்துவிட்டது. "இருபத்தாறு வருஷமா அந்த நாய் ஸ்கூல் ஸ்கூலா என்னைத் துரத்துதும்மா. இன்னைக்குத்தான் விட்டுது. இந்தப் பொண்ணுக்கு இது நீங்க சொல்லிக்குடுத்ததா?"

"இல்ல சார். நான் நாயைத்தான் சொல்லிக்குடுத்தேன்."

"பாத்தீங்களா, நடந்ததை நடந்தபடி சொல்ல உங்களுக்கும் வந்துடுச்சு!" பத்துக்குப் பத்து.

அதன்பின் வகுப்பை அடக்க முடியவில்லை. "சார், நான் அம்மா போனை முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயில போட்டுட்டேன்!" "சார், என் கதை இன்னும் மோசம்!" மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

டீச்சர், பிள்ளைகள் கொடுத்த பூங்கொத்தைக் கை நிறைய ஏந்தி, ராணி மாதிரி பஸ் ஏறினார். பக்கத்து இருக்கை வீடு வரைக்கும் காலியாகவே வந்தது. இன்றைய பாடத்துக்கென்று நறுக்கி வந்த பாதி வெங்காயம் கைப்பையில் நெடி வீசிக்கொண்டிருந்தது.