மடிப்பு வைத்துத் தைத்த பாவாடை

பட்டணத்துப் பொருட்காட்சிக்குப் போவது என்று முடிவானதும், எங்கே தங்குவது என்கிற பேச்சு வந்தது. வீராசாமியின் குடும்பத்தில் அதுவரை யாரும் பேசாத பேச்சு அது. அறுப்புக்கு வெளியூர் போனால் களத்தில் படுப்பார்கள். கல்யாணம் கருமாதிக்குப் போனால் போன வீட்டு வாசலில் படுப்பார்கள். இந்த இடமா அந்த இடமா என்று பொறுக்கிப் பார்ப்பது கையில் காசு இருக்கிறவன் செய்கிற வேலை.

அறுபத்தெட்டாம் வருஷம். பொங்கல் கழிந்து, களத்தில் நெல் தூற்றி முடித்திருந்தார்கள். அமைந்தகரைக்கு மேற்கே புதுசாக ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்களாம், அதைச் சுற்றிப் பொருட்காட்சியாம், ஆளைத் தூக்கி வானத்தில் சுற்றுகிற ராட்டினமாம். மானாம்பதியிலிருந்து போய்வந்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சேரிப் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் அடித்துவிட்டார்கள்.

போக வேண்டியவர்கள் பதினோரு பேர். வீராசாமி, அவன் பெண்சாதி சொக்கம்மாள், நாலு பிள்ளைகள். தம்பி சடையப்பன், அவன் பெண்சாதி, ரெண்டு பிள்ளைகள். அப்புறம் வீராசாமியின் அக்கா பவளம். புருஷன் செத்துப் பிள்ளையும் இல்லாமல் தம்பிகளோடு வந்து சேர்ந்தவள். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே கிடந்தார்கள். இடம் போதாததால் வீராசாமி எப்போதும் வாசற்படியை ஒட்டித்தான் படுப்பான். பாதி உடம்பு வெளியே இருக்கும்.

சொக்கம்மாளின் தம்பி ஐசக் ஊருக்கு வந்திருந்தான். பட்டணத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து பேரை மாற்றிக்கொண்டு வியாசர்பாடியில் குடியிருந்தான். அவனிடம்தான் கேட்டார்கள்.

"சத்திரம் கீது, ஸ்டேசனாண்ட" என்றான் ஐசக். "ஆனா ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல வுட மாட்டான். உங்களைப் பிரிச்சிப் போட்டுருவான். அதுக்கும் முன்னாடி எந்த ஊரு, இன்னா ஜாதின்னு கேப்பான். சொன்னா ரூமே இல்லேம்பான்."

"மாத்திச் சொல்லிட்டா?" என்றான் சடையப்பன்.

"உன் மூஞ்சிக்கா? வேற எதுனா சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். வீராசாமி மட்டும் சிரிக்கவில்லை. "பிரிஞ்சி படுக்கறது ஆவாது. தெரியாத ஊரு. புள்ளைங்க ஒரு பக்கம் நாம ஒரு பக்கம்னு கெடக்க முடியாது. உன் வூடு எப்டி மச்சான்?"

"என் வூடு இன்னா மாமா, நாங்க அஞ்சு பேரு படுத்தாவே காலு அடுப்புல போவுது. அதுக்காவ வராதேன்னு சொல்லுவனா? பொம்பளைங்களும் புள்ளைங்களும் உள்ள. நாம சந்துல. மழை மட்டும் வரக் கூடாது."

மறுநாள் காலை வீராசாமி பண்ணைக்குப் போனான். ஏகாம்பரத்தின் நிலத்துக்கு வருஷம் முழுக்கக் கட்டுப்பட்ட படியாள் அவன். மீசை முளைக்கும் முன்பு பிடித்த ஏரை இன்னும் விடவில்லை. ஏகாம்பரம் அவனைக் கூப்பிட்டு அவராகவே சொன்னார்.

"பொருட்காட்சிக்குப் போறதா பேச்சு அடிபடுது. போய்ட்டு வாடா. மாட்டை வேற ஆளு பாத்துக்குவான். எங்க தங்கப் போறீங்க?"

வீராசாமி தலையைச் சொறிந்தான்.

"அமைஞ்சிக்கரையில நம்ம பொண்ணு தேவகி வூட்டுக்குப் பின்னால மாட்டுக் கொட்டாய் காலியா கீது. மாட்டை வித்துட்டாங்க. நீங்க மொத்தப் பேரும் தாராளமா படுக்கலாம். பொருட்காட்சிக்கு அங்கேர்ந்து நடை தூரம்தான். உன் ரெண்டாவது பொண்ணு இன்னா பேரு, அம்முலுவா? அவளை மறக்காம கூட்டிக்கினு போ. தேவகி அவளுக்குப் பொங்கல் துணி எடுத்து வெச்சிருக்கா."

வீராசாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னான். சொக்கம்மாளுக்கும் சந்தோஷம்தான். பொங்கலன்று களத்தில் ஆண்டை அம்முலுவைத் தன் கைத்தடியோடு நிற்கவைத்து, "எங்க, தடி உசரம் வளந்துட்டியா பாப்போம்" என்று விளையாட்டாக அளந்ததை அவள் நினைத்துக்கொண்டாள். பிள்ளை மேல் அவருக்குப் பிரியம் என்று சொன்னாள்.

பவளம் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "லீவு நீ கேட்டியா, அவரா குடுத்தாரா?" என்றாள்.

"அவராத்தான் குடுத்தாரு."

பவளம் கல்லைப் பொறுக்கிப் பின்னால் எறிந்தாள்.

காஞ்சிபுரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். சின்னப் பிள்ளைகள் ரெண்டு வாந்தி எடுத்தன. வெறுங்கையோடு போகக்கூடாது என்று சடையப்பன் ஒரு பூசணிக்காயை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். "டிக்கெட்டு வாங்காம ஒண்ணு வருதே" என்று கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்தான்.

தேவகியின் வீடு மாடி வீடு. பின்பக்க வழியாக வரச் சொன்னார்கள். கொட்டகை கழுவிவிடப்பட்டு, புதுப்பாய் விரித்து, ஒரு பானைத் தண்ணீரும் வைத்திருந்தது. தரை சிமெண்ட். பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடின. சொக்கம்மாளும் சடையப்பன் பெண்சாதியும் யாரும் சொல்லாமலே துடைப்பத்தை எடுத்துப் பின்கட்டைப் பெருக்கினார்கள். அவர்களுக்கு ஆண்டை வீட்டு மண்ணில் சும்மா நிற்கத் தெரியாது.

தேவகி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சின்னப் பெண்தான். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. பச்சைப் பாவாடையும் சட்டையும் கொண்டுவந்திருந்தாள்.

"அம்முலு யாரு? இந்தா."

மானாம்பதியில் பொங்கல் துணிக்கு ஒரு முறை உண்டு. ஆண்டை வீட்டில் கொடுத்தால் ரெண்டு கையாலும் வாங்கி, அங்கேயே உடுத்திக் காலில் விழவேண்டும். உடுத்தாமல் வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு போனால் கொடுத்தவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். சொக்கம்மாள் ரெண்டு கையாலும் வாங்கினாள். பிள்ளையின் பழைய கவுனை அவிழ்த்துப் பாவாடையைக் கட்டினாள். அம்முலு விழுந்து கும்பிட்டாள்.

"அளவு சரியா இருக்கா?" என்றாள் தேவகி.

"வெச்சித் தெச்சாப்புல கீதும்மா."

"அப்பா தடியில அளந்து கயிறு அனுப்பியிருந்தார்" என்று சொல்லிவிட்டுத் தேவகி உள்ளே போனாள். மற்ற பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நின்றன. அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

சாப்பாடு வந்தது. சாம்பார், ரசம், அப்பளம். சாப்பிட்டு முடித்து, சாயங்காலம் பொருட்காட்சிக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்தபோது தேவகி வாசலில் நின்று சொன்னாள்.

"அம்முலு இருக்கட்டும். குழந்தைக்குப் பால் கலக்கறது, தொட்டில் ஆட்டறது எல்லாம் இன்னிக்கே காட்டிக் குடுத்துடறேன். நீங்க ஊருக்குப் போறப்ப அவ அழாம இருப்பா. பொருட்காட்சிக்கு நாங்க போறப்ப கூட்டிக்கிட்டுப் போறோம்."

சொன்னதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தாள். உள்ளே குழந்தை அழுதது, போய்விட்டாள்.

கொட்டகையில் எல்லாரும் தலைவாருவதை நிறுத்திவிட்டார்கள். அம்முலு மட்டும் பாவாடை குடைபோல விரிய நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். பவளம் அவளை இழுத்து நிறுத்தி, பாவாடையின் கீழ்ப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். உள்பக்கம் ஒரு விரல் அகலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தது.

"பாரு சொக்கம்மா. வளர வளர அவுத்து வுடறதுக்கு. பொங்கல் துணியில எவ மடிப்பு வெக்கிறா?"

சொக்கம்மாள் பார்த்தாள்.

"காஞ்சிவரத்துல ஒரு வூட்டு வேலைக்கு என்னை வுட்டப்ப எனக்கும் இப்டித்தான் தெச்சி வெச்சிருந்தாங்கோ. எல்லா மடிப்பும் அவுத்து முடிஞ்சி, அதுக்கு மேல துணி இல்லேன்னப்புறம்தான் நான் வூட்டுக்கு வந்தேன்."

அக்கா காஞ்சிபுரத்தில் இருந்த காலம் வீராசாமிக்கு ஒரு டப்பா பொரியுருண்டையாக மட்டுமே நினைவிருந்தது. அவள் யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பியது. அவன் அப்போது சின்னப் பையன்.

"வேத்து வூடா அக்கா? நம்ம ஆண்டே மக" என்றான். "அந்தம்மாவைப் பாத்தா கெட்டதாவும் தெரியல. மூணு வேளையும் சோறு கீது. நம்ம வூட்டுல மூணு வேளை கீதா?"

"சோறு கெடச்சிது. நான் இல்லேன்னனா? நெய்யி கூட ஊத்துனாங்கோ." பவளம் பாவாடையைக் கீழே விட்டாள். "அம்மா செத்ததை எனக்குக் கருமாதி முடிஞ்சிதான் சொன்னாங்கோ. முன்னாடி சொன்னா வேலை கெட்டுப் போவுமாம். சொன்ன அன்னிக்கும் அண்டா கழுவிட்டுத்தான் அழுதேன்."

சடையப்பன் எழுந்து வெளியே போய் நின்றான். வீராசாமி தரையைப் பார்த்தான். கழுவின தரை. இத்தனை பெரிய இடம் எதுக்கு என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. வேண்டாமென்று சொன்னால் ஏர் போய்விடும். ஏர் போனால் பதினோரு வயிறு. சொல்லாவிட்டால் ஒரு பெண். அவன் மனசு கணக்குப் போட்டுப் போட்டு ஒரே இடத்தில் வந்து முட்டியது. எப்படியும் சொக்கம்மாள் ஏதாவது சொல்வாள், அதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

சொக்கம்மாள் அம்முலுவின் இடுப்பில் பாவாடை நாடாவை அவிழ்த்தாள். அம்முலு முடிச்சை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் பாவாடை, என் பாவாடை" என்று அழுதாள். சொக்கம்மாள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழற்றினாள். பழைய கவுனை மாட்டிவிட்டு, பாவாடையையும் சட்டையையும் குழாயடிக்கு எடுத்துப்போய் நனைத்தாள்.

தேவகி சத்தம் கேட்டு வந்தாள். "புதுத் துணியைப் போய் எதுக்கு நனைக்கிற?"

"போட்டுட்டாம்மா. அலசாம குடுக்கக் கூடாதில்ல."

"குடுக்கறதா?"

"அவ எங்ககூடவே வரட்டும்மா."

தேவகி வீராசாமியைப் பார்த்தாள். "அப்பா உங்ககிட்ட சொல்லலியா?"

வீராசாமி எழுந்து நின்றான். மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "துணி குடுப்பீங்கன்னு சொன்னாரும்மா. படுக்க இடம் கீதுன்னு சொன்னாரு. பொண்ணை வுட்டுட்டு வரணும்னு சொல்லல."

"நான் என்ன அவளைப் பட்டினியா போடப் போறேன்? கைக்குழந்தையை வெச்சிக்கிட்டு ராவும் பகலும் ஒத்தையா கிடக்கிறேன். அப்பா கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம்மா. நானே போய் சொல்றேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று வீராசாமிக்கு உறைத்தது. தேவகி இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. பெண்கள் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினார்கள். சொக்கம்மாள் பாவாடையைக் கொடியில் உதறிப் போட்டாள். மூன்று மடிப்பிலும் தண்ணீர் கோத்து அடிப்பக்கம் கனத்துத் தொங்கியது. பூசணிக்காய் கொட்டகையிலேயே இருந்துவிட்டது.

வியாசர்பாடிக்கு நடந்தே போனார்கள். போகிற வழியில் மரங்களுக்கு மேலே கோபுரத்தின் உச்சி தெரிந்தது. பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தன. அம்முலு பார்க்கவில்லை. அவள் இன்னும் பாவாடைக்காகத் தேம்பிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடிக்கமாட்டேன் என்று பவளத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஐசக் வாசலில் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். மொத்தப் பேரையும் பார்த்தான். காரணம் கேட்கவில்லை.

"வாங்கோ. படுத்தவன் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தவன் படுக்கக் கூடாது. அவ்ளோதான் சட்டம்" என்றான். அவன் பெண்சாதி உலையில் இன்னும் ரெண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினாள்.

விடிந்ததும் வீராசாமி வேட்டியைத் தட்டிக் கட்டினான். "நீ எல்லாரையும் கூட்டிக்கினு போய் காட்டு மச்சான். அம்முலுவை ராட்டினத்துல ஏத்து. நான் ஊருக்குப் போறேன்."

"எல்லாரும் சேந்து போலாமே மாமா. ஒரு நாள்ல இன்னா ஆயிடும்?"

"அந்தம்மா சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. நானே சொல்றேன்னு வாய்வுட்டு சொல்லிட்டேன்."

உச்சி வெயிலில் மானாம்பதியில் இறங்கி நேரே பண்ணைக்குப் போனான். ஏகாம்பரம் களத்து ஓரம் வைக்கோல் போர் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீராசாமியின் ஏர் மாடுகளை வேறு ஆள் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

"இன்னாடா, அதுக்குள்ள வந்துட்டே. பொருட்காட்சி பாத்தியா?"

"நான் பாக்கலீங்க ஆண்டே."

"பொண்ணு?"

"பொண்ணு இந்நேரம் பாத்துக்கினு இருக்கும். அவங்க மாமனோட. நாளைக்கு ஊருக்கு வந்துரும்."

 போர் மேலே நின்ற ஆட்கள் கையை நிறுத்தினார்கள். ஏகாம்பரம் தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி. அப்ப நீயும் பாத்துக்கினு இரு. நாளையிலேர்ந்து இங்க வராதே."

வீராசாமி  சேரியைப் பார்க்க நடந்தான்.

வீட்டுத் தட்டியைத் திறந்தான். உள்ளே ஆளே இல்லை. கூரை ஓட்டை வழியாக வெயில் தரை முழுக்கக் காசு காசாகக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டை அவன் காலியாகப் பார்த்ததில்லை. பாயை எடுத்துக்கொண்டு உள்ளே நடுவில் போய் நின்றான். எங்கே வேண்டுமானாலும் விரிக்கலாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வழக்கம்போல வாசற்படியை ஒட்டி விரித்துப் படுத்தான்.