பங்காளிப் புல்

விதை வங்கியில் எல்லோரும் அவளைப் 'புல்லக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்திக்குப் புல்லே பட்டப்பெயராகிறது என்றால், வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை என்று அர்த்தம். பதினெட்டு வருடமாக வாரம் ஒருமுறை மலைச்சரிவுக்குப் போய், அங்கே வளரும் காட்டுக் கோதுமையைக் கணக்கெடுப்பது அவள் வேலை. வயல் கோதுமைக்கு அது பங்காளி. பார்த்தால் வெறும் புல்தான். ஆனால் நாளைக்கு வயல் கோதுமை நொடித்துப்போனால் இதன் வாசலில்தான் போய்க் கையேந்த வேண்டும். அந்தச் சரிவை விட்டால் அதற்கு வேறு இடமும் கிடையாது.

அதனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. வயலுக்குப் போட்ட உடுப்போடு மலைக்குப் போகக்கூடாது. கோதுமை இலையில் ஆரஞ்சுப் புள்ளியாகக் காணும் துரு நோயின் தூள் துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். செருப்பு வைக்கும் அலமாரிக்கு மேலே கொட்டை எழுத்தில் அதை எழுதி ஒட்டியதே புல்லக்காதான்.

ஆறு வருடத்துக்கு முன் மலைக்குக் கீழே அண்ணனுடைய கோதுமை வயல் முழுக்கத் துரு கண்டபோது, கூடப்பிறந்தவர் என்றும் பாராமல் மேலிடத்துக்கு எழுதிப் போட்டாள். விளைச்சலோடு உழுது புதைத்தார்கள். அண்ணன் அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். வேறு உறவென்று சொல்ல அவளுக்கு யாரும் இல்லை.

போன மாதம் திடீரென்று அண்ணி போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. உங்க அண்ணன்தான் கூப்பிடச் சொன்னாரு."

புல்லக்கா மேல்சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

சாப்பிட்டபின் அண்ணன் அவளை வயலுக்குக் கூட்டிப்போனார். முழங்கால் வலி, பம்பு ரிப்பேர், நாய் குட்டி போட்டது, எல்லாம் பேசினார். நடுவில் ஓர் அடியிலையில் ஆரஞ்சு நிறத்தில் மூன்று புள்ளிகளை அவள் பார்த்துவிட்டாள். சொல் தொண்டை வரை வந்தது. வந்ததும் வராததுமாகக் குறை சொல்ல ஆரம்பித்தால் இந்த வாசலும் அடைபடும். நாளைக்குப் போனில் பக்குவமாகச் சொல்லலாம் என்று விழுங்கினாள். மறுநாள் அண்ணனே கூப்பிட்டு, "பத்திரமா போய்ச் சேந்தியா?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபின் எந்தப் பக்குவமும் வரவில்லை. நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. மறுநாள் மழை என்றார்கள், கணக்கெடுப்பு பாக்கி. அண்ணன் வீட்டிலிருந்து நேரே மலைக்குப் போனாள், அதே மேல்சட்டையோடு. ஊருக்குத்தான் உபதேசம். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. உடுப்பு எங்கே ஞாபகம் வரும்?

மழையில் ஒரு வாரம் தவறி, இரண்டு வாரம் கழித்துப் போனபோது அவள் நடக்கும் தடத்தின் இரண்டு பக்கமும் காட்டுக் கோதுமை ஆரஞ்சாக இருந்தது. தடத்தை விட்டுத் தள்ளி இருந்ததெல்லாம் இன்னும் பச்சை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அறிக்கையில் 'நோய் வந்த வழி' என்று ஒரு கட்டம். மேலதிகாரி நல்ல மனுஷர். "காத்துன்னு எழுதிட்டுக் கையெழுத்தப் போடுங்க புல்லக்கா. காத்து வந்து இல்லன்னா சொல்லப்போகுது?"

காற்று என்று எழுதினால் யாரும் கீழே போய்த் தேட மாட்டார்கள். அண்ணன் வயலிலிருந்து உண்மையாகவே காற்றில் ஏறி வந்து மீதிப் பச்சையும் போகும். அவள் தன் பெயரையும் அண்ணன் வயலையும் எழுதினாள். அனுப்புவதற்கு முன் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க வயல்ல துரு இருக்கு. மேல எழுதியிருக்கேன்."

"தெரியும். நாலு நாளா வயல் முழுக்க அதான். அன்னைக்கு நீ பாத்தியா?"

"பாத்தேன். மூணு புள்ளி."

"அப்பவே மருந்தடிச்சிருந்தா?"

"நின்னிருக்கும்ணே."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. உன்னக் கூப்பிடச் சொன்னதே அதுக்குத்தான். ஆறு வருஷம் பேசாம இருந்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது? இருந்தா நீ சொல்லாம விடமாட்டேன்னு உன் வாயவே பாத்துக்கிட்டு நடந்தேன். நீ ஒண்ணும் சொல்லல. அப்பாடான்னு இருந்துட்டேன்."

"என்னப் பாக்கத்தான் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேண்ணே."

"ஆளுங்கள வரச் சொல்லு. நான் வீட்லதான் இருப்பேன்" என்று வைத்துவிட்டார்.

புல்லக்கா அறிக்கையை அனுப்பிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடமும் அண்ணன் தன்னைச் சபித்துக்கொண்டிருந்தார் என்றே நினைத்திருந்தாள். அவரோ அவள் வாய் பொய் சொல்லாது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவள் அதைக் கெடுத்தாள்.