ஆளோடு வெளியே போகாத ஸ்பீக்கர்

கடையின் விற்பனையாளர் வாயைத் திறந்தால் 'சார்' என்றுதான் ஆரம்பித்தார். "சார், இந்த பேஸைக் கேளுங்க சார். நெஞ்சுக்குள்ள அதிரும் சார்." ஸ்பீக்கர் யாருக்கு? ஸ்கிரீன் அக்காவுக்கு. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து கேட்கப் போவது யார்? அவளேதான். ஆனால் அவள் அங்கே நிற்பதே அந்த மனுஷன் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அவள் புருஷனோ, கல்யாண மாப்பிள்ளை மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னலுக்கும் கதவுக்கும் ஸ்கிரீன் தைத்துக் கொடுப்பதால் தெருவே அவளை ஸ்கிரீன் அக்கா என்றுதான் கூப்பிடும். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். காலையில் அவர் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அந்த அறையில் அவளும் தையல் மெஷினும்தான். பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடையாது.

போன வருஷம் கல்யாண நாளன்று, "உனக்காகவே வாங்கினேன்" என்று ஒரு ஸ்பீக்கரை அவர் கொண்டுவந்தார். போனோடு சேர்த்தால் அழகாகப் பேசும். யார் போனோடு? அவர் போனோடு. அவளிடம் இருந்ததோ பட்டன் போன். காலையில் அவர் குளித்துச் சாப்பிடுகிற நேரத்தில் அவள் கதை போட்டுக் கேட்பாள். யாரோ ஒரு அம்மா நல்ல குரலில் வாசிக்கிற கதைகள். கதை சூடுபிடிக்கிற நேரம் பார்த்து இவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவார். ஸ்பீக்கர் இரண்டு முறை விக்கிவிட்டு ஊமையாகிவிடும். சொத்தையெல்லாம் கொழுந்தன் எழுதி வாங்கிக்கொண்டான் என்று ஒருத்தி கோர்ட்டுக்குப் போகிற கதை. நீதிபதி தீர்ப்பைப் படிக்கத் தொண்டையைச் செருமினார், இவர் படியிறங்கிவிட்டார். அவள் என்ன செய்வாள்? மிச்சக் கதையை மெஷினிடமா கேட்க முடியும்? சாயங்காலம் அவரிடம் போனைக் கேட்டால், "மேட்ச் ஓடுது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். நாளைக்கு வேறு கதை, அதிலும் பாதி. இப்படியே வருஷம் ஓடியது. அத்தனை கதை கேட்டவளுக்கு ஒரு கதையின் முடிவும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் அந்த ஸ்பீக்கரும் செத்துக் கிடந்தது. ரிப்பேர் கடையில் காட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். "உன் துணித் தூசி உள்ள போய் அடைச்சிருச்சாம். ஒரு பொருளை வச்சுக் காப்பாத்தத் தெரியல உனக்கு." அவளும் தப்பு தன்மேல்தான் என்று நம்பி, அடுத்து வாங்கப் போகிற ஸ்பீக்கருக்கு இப்போதே ஓர் உறை தைத்து வைத்திருந்தாள். மிச்சம் விழுந்த கெட்டித் துணி, இரட்டைத் தையல், தூசி ஒரு பொட்டுகூட நுழையாது. அதுவும், மகள் அதே கதைகளையெல்லாம் ஏற்றிக் கொடுத்த மெமரி கார்டும் அவள் கைப்பையில் இருந்தன.

"தண்ணியில போட்டா என்ன ஆகும்?" என்று விற்பனையாளரிடம் கேட்டார் புருஷன்.

"மிதக்கும் சார்."

"வீட்டுக்குள்ள எங்கங்க மிதக்கப் போகுது?" என்றாள் அவள். "தம்பி, எனக்குக் கதை கேக்கணும். மெஷின் ஓடுறப்ப வார்த்தை புரியணும். போன் இல்லாமப் பேசணும். அப்படி ஒண்ணு எடுங்க."

விற்பனையாளர் அவளைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்துச் சிரித்தார். "இப்பல்லாம் எல்லாமே போன்தான் மேடம். சார் போன்ல சேத்துட்டாப் போச்சு."

இந்த 'சார் போனை'க் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. "சரி, சேருங்க" என்றாள். சேர்த்தார்கள். கடையே அதிரப் பாட்டு வந்தது. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்க போனை எடுத்துட்டு ரோட்டைத் தாண்டி, அந்த பஸ் ஸ்டாப்ல போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"தினம் வேலைக்குப் போற மாதிரிதான். நீங்க போன பிறகும் இது பேசுதான்னு பாக்கணும்."

"உனக்கென்ன கிறுக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வெளியே போனார். கண்ணாடிக் கதவைத் தாண்டியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். போன் வந்திருந்தது. உள்ளே பாட்டு நின்று மணிச் சத்தம் கேட்டது. அவர் போனைக் காதில் வைத்தார். குரல் அவர் காதுக்குப் போகவில்லை. கடைக்குள்ளே, ஸ்பீக்கரிலிருந்து, நெஞ்சுக்குள் அதிருகிற பேஸோடு வந்தது.

"என்னடா, வாங்கிட்டியா?"

யாரென்று அவளுக்கு உடனே தெரிந்தது. புருஷனின் கூட்டாளி பெயின்டர். வெளியே அவர், "ஹலோ, ஹலோ" என்று கத்துவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"லைன்ல இருக்கியா? தண்ணி போகாததாப் பாத்து வாங்குடா. போன தடவை மாதிரி ஏரியில விழுந்து போயிடப் போகுது. இன்னொரு தடவை துணித் தூசின்னு சொன்னா தங்கச்சி நம்பாது. சனிக்கிழமை ஏரிக்கரைக்கு மறக்காம எடுத்துட்டு வா."

விற்பனையாளர் கையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தார். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஸ்கிரீன் அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனை நாள் தன்னையே திட்டிக்கொண்டாள். தூசி போகக் கூடாதென்று அறையைப் பெருக்கிப் பெருக்கித் துடைத்தாளே. அவள் பேரைச் சொல்லி வாங்கியதை ஏரியில் போட்டுவிட்டுப் பழியையும் அவள் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். அவள் ஸ்பீக்கருக்குக் கிட்டே குனிந்தாள்.

"சொல்லுங்கண்ணே. தங்கச்சிதான் பேசுறேன்."

பெயின்டர் இருமினார். பிறகு, "சும்மா தமாஷுக்கு..." என்று ஒரு இழுவை, அதோடு லைன் அறுந்தது.

"தம்பி," என்றாள் அவள், நிமிர்ந்து. "கார்டு போடுற ஸ்பீக்கர் உங்க கடையில இருக்கா, இல்லையா?"

"இருக்கு மேடம்." இந்தத் தடவை அவர் அவளைப் பார்த்துச் சொன்னார். கீழ்த்தட்டிலிருந்து ஒரு சாதாரணக் கறுப்புப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார். கைப்பிடி, திருகுகிற குமிழ், நாலு பட்டன், அவ்வளவுதான். "பேஸ் இருக்காது மேடம். பேச்சு மட்டும் தெளிவாக் கேக்கும்."

அவள் கார்டைச் செருகினாள். பட்டனை அழுத்தி அழுத்திக் கதைகளைத் தாண்டினாள். கோர்ட்டுக் கதை வந்ததும் அழுத்திப் பிடித்து ஓட்டினாள். நீதிபதி தொண்டையைச் செருமினார்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு புருஷன் உள்ளே வந்தார். "யாரோ கூப்பிட்டாங்க, ஒரு எழவும் கேக்கல."

"எங்களுக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றாள் அவள். கைப்பையிலிருந்து அந்த உறையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பெயின்டர் அண்ணன்கிட்டக் குடுங்க. ஏரிக்கரையில தூசி ஜாஸ்தியாம்."

அவர் உறையைப் பார்த்தார், விற்பனையாளரைப் பார்த்தார், கல்லாக்காரரைப் பார்த்தார். ஒருவரும் கை கொடுக்கவில்லை. முகத்தில் அசடு வழிந்தது. "இல்ல, அது வந்து... அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..."

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அவள், குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே. "தீர்ப்பு சொல்லப் போறாங்க. ஒரு வருஷமாக் காத்துட்டு இருக்கேன்."

விற்பனையாளர் போய்க் கடையில் ஓடிக்கொண்டிருந்த மற்ற பாட்டையெல்லாம் நிறுத்திவிட்டு வந்தார்.