படம் பார்க்க ஒரு கன்சோல்

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கே பேர்: கேம் கன்சோல் விற்கும் கடைக்காரர், கல்லாவில் அவருடைய மருமகள், டிவியில் படம் பார்க்க ஏதாவது வேண்டும் என்று வந்த நர்சம்மா, வேலையில்லாமல் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்ட பக்கத்துக் கடைத் தையல்காரர். கடைக்காரரின் தம்பி அங்கே இல்லை. அவன் எதிர்க்கடையில் இருந்தான்.

அப்பாவின் கடையிலிருந்து பிரிந்துபோய், டிவியில் செருகினால் படம் ஓடும் உள்ளங்கை அகல பாக்ஸ்களைக் குவித்து வைத்து விற்கிறவன் அவன். அண்ணனும் தம்பியும் முகம்கொடுத்துப் பேசி மூன்று வருடம் ஆகிறது. மலிவுச் சரக்கு நம் குடும்பத்துக்கு ஆகாது என்பது அண்ணனின் கட்சி.

"எதிர்ல சின்ன பாக்ஸ் இருக்காமே, அது பத்தாதா?" என்றார் நர்சம்மா.

"உக்காருங்கம்மா. இதுல படமும் பாக்கலாம், விளையாடவும் செய்யலாம். யானையே வர்றப்போ பூனை எதுக்கு?"

"மாமா, அவங்க விளையாடப் போறதில்ல," என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரும்மா."

கன்சோலைப் போட்டார். அப்டேட் என்று ஒரு நீலக் கோடு வந்து பாதியில் நின்றது.

"மொதலாளி, நான் போய் ரெண்டு சட்டைக்குக் காலர் வச்சுட்டு வந்துடட்டா?" என்றார் தையல்காரர்.

ஒருவழியாகப் படம் வந்தது. நர்சம்மா சத்தத்தைக் குறைக்க, விளையாடக் கையில் பிடிக்கும் கண்ட்ரோலரில் ஒரு பட்டனை அழுத்தினார். படம் பத்து நிமிடம் பின்னால் ஓடியது. மறுபடி அழுத்துவதற்குள் கண்ட்ரோலர் அணைந்துவிட்டது.

"ரிமோட் இல்லையா?"

"அது தனியா வாங்கணும்." சொன்னவருக்கே வாய் கசந்தது.

"முப்பது வருஷம் வார்டுல மெஷினோட மல்லுக்கட்டிட்டேன். வீட்லயும் ஒரு மெஷினுக்கு நர்ஸ் வேலை பாக்கணுமா?"

தையல்காரர் சிரித்துவிட்டார். கடைக்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது. யார்மீது என்றுதான் தெரியவில்லை. சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் இந்த அம்மாவுக்கு வேண்டாத சரக்கு. தெரிந்தே தலையில் கட்டிவிட்டு, வாசல் பலகையில் அப்பா பெயரை எந்த முகத்தோடு வைத்திருப்பது?

மருமகளோடு எதிர்க்கடைக்கு அனுப்பலாம். தூது விட்டதாகத் தம்பி நினைப்பான். நர்சம்மாவின் பையை வாங்கிக்கொண்டு அவரே தெருவைக் கடந்தார்.

தம்பி எழுந்து நின்றான். "வாங்கண்ணே."

"இவங்களுக்குப் படம் மட்டும் போதும். ரிமோட்டோட வர்றதாக் குடு. பழைய சரக்கத் தள்ளிவிடாத."

"டீ சொல்லட்டுமாண்ணே?"

அவர் திரும்பி நடந்தார்.

தையல்காரர் தெரு முழுக்கச் சொல்லிவருவதுபோல் அண்ணன் தம்பி ராசியாகிவிடவில்லை. அண்ணன் வாடிக்கையாளரைக் கொண்டுபோய் விட்டார், அவ்வளவுதான். டீயும் குடிக்கவில்லை.