இடப்பக்கத் திருப்பம்

சாம்பமூர்த்தி குருக்கள் அந்த வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். வலமாகத்தான். சாம்பல் நிறம். பின்புறம் முழுவதும் ஒரே கதவு. நடு இருக்கையை மடக்கினால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். சீமையிலிருந்து ஐம்பத்தொன்றில் வந்து இறங்கிய ஸ்டேஷன் வேகன் அது. இப்போது நடப்பது அறுபத்து மூன்று.

மூன்று மாதமாக வண்டி பார்க்கிறார்கள். வேட்டவலம் சாலையில் பார்த்த சின்ன கார் விலை தோதுதான். ஆனால் பின்னால் ஒரு மூட்டை வைக்க இடமில்லை. காட்டுக் கான்ட்ராக்டர் ஒருவர் விற்ற ஜீப்பில் இடமிருந்தது, கூரை இல்லை. கித்தான் முழுக்க ஓட்டை. மகன் மௌலி கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தினம் போய்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாடகத்துக்குப் படுதா எழுதுவான். அரண்மனை, காடு, நந்தவனம் என்று எட்டடித் துணிகள், மூங்கிலில் சுருட்டியவை. அவற்றை ஒருநாள் பஸ்ஸில் ஏற்றப் போனபோது கண்டக்டர், "வாத்தியாரே, மூங்கிலை உள்ள ஏத்தாதீங்க. பாடைனு நினைச்சு ஜனங்க இறங்கிடப் போறாங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. குருக்கள் அன்று அதே பஸ்ஸில் இருந்தார். சிரித்த முகங்களில் பாதி அவர் கையால் விபூதி வாங்கும் முகங்கள். வீட்டுக்கு வந்ததும் "வண்டி பார்" என்று மகனிடம் சொன்னது அவர்தான்.

இந்த வண்டி பங்காளி சோமசேகரனுடையது. அவனும் இவரைப் போலவே கோயிலில் பூஜை முறைக்காரன். சித்தப்பா மகன், இவரைவிடப் பத்து வயது இளையவன். யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று வாங்கி, அது சரிவராமல் விற்கிறான்.

"வெளியில குடுத்தா இன்னும் ஜாஸ்தி வரும், அண்ணா. மௌலிக்குன்னு கம்மி பண்ணித் தரேன்."

மெக்கானிக் சுப்பன் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "இன்ஜின் நல்லாருக்கு சாமி. அடியில எல்லாம் புதுசா தார் பூசி வெச்சிருக்காங்க, ஒண்ணும் தெரியல. மைதானத்துக்கு ஓட்டிட்டுப் போய் வலமா நாலு சுத்து, இடமா நாலு சுத்து வேகமா திருப்பிப் பார்த்துட்டா தேவலாம்."

"இடமாவா?" குருக்களின் குரல் உயர்ந்தது. "வீட்டுக்கு வரப்போற வண்டியை, மொதல் நாளே இடமா சுத்தறதா? நன்னாருக்கு. மலையை ஒரு தடவை வலம் வரட்டும். எட்டு மைல். அதைவிடப் பெரிய சோதனை என்னடா இருக்கு?"

"அதானே," என்றான் சோமசேகரன், சற்று அவசரமாக. "அண்ணா சொன்னா சரியா இருக்கும்."

அண்ணாமலையை வலம் வந்தார்கள். மௌலி ஓட்ட, குருக்கள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மலை வலப்பக்கமே நின்றது. சாலை வலப்பக்கமே வளைந்துகொண்டு போனது. ஒரு முனகல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. திரும்பிக் கோபுரத்தடியில் இறங்கியதும் பூக்கடைக்காரர்கள், மற்ற முறைக்காரர்கள் எல்லோரும் கேட்க அவர் சொன்னார்: "வண்டி உத்தமமான வண்டி. நான் பார்த்தாச்சு. இதுக்கு நான் பொறுப்பு."

அங்கேயே பணத்தைக் கொடுத்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை முதல் பயணம். மருமகள் பாகம்பிரியாளுக்கு ஏழாவது மாதம். அவளைக் கீழ்பென்னாத்தூரில் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு மௌலி பள்ளிக்கூடம் போவதாக ஏற்பாடு. பின்னால் ஐந்து படுதாச் சுருள்களும் இரண்டு டிரங்குப் பெட்டிகளும். குருக்களும் உடன் போனார். சம்பந்தி வீட்டு வாசலில் அந்த வண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஊரைத் தாண்டி ஏரிக்கரை வந்தது. சாலை கரைமேல் ஏறி, நீண்ட இடப்பக்க வளைவாகத் திரும்பியது. வலப்பக்கம் சரிவு. சரிவுக்குக் கீழே ஏரி, ஐப்பசி மழையில் நிரம்பிக் கிடந்தது.

வளைவில் பாதி போனபோது பின்னாலிருந்து கத்தியைச் சாணை பிடிப்பது போல ஒரு சத்தம். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. ரப்பர் கருகும் நாற்றம் உள்ளே வந்தது.

"அப்பா, ஸ்டீரிங் இழுக்கறது!"

"பிரேக்கைப் போடு! மெதுவா!"

படுதாச் சுருள்கள் உருண்டு வலப்பக்கத்தில் மோதின. பாகம்பிரியாள் சத்தம் போடவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "மாமா, மாமா" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சின்னக் குரல் குருக்களின் முதுகில் ஊசிபோல இறங்கியது.

வண்டி நின்றது. முன் சக்கரம் கரையின் விளிம்பில் புல்லை நசுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் ஏரி.

மருமகளைப் பின்னால் வந்த மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, சுப்பனை வரவழைத்தார்கள். அவன் அடியில் படுத்துத் தாரைச் சுரண்டினான். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"சாமி, வலப்பக்கப் பின் ஸ்பிரிங்கு, பெரிய பட்டை உடைஞ்சு ஒட்டு வெச்சிருக்கு. இப்ப ஒட்டு விட்டுப்போச்சு. வண்டி வலமா திரும்புனா பாரமெல்லாம் இடப்பக்கம் சாயும், இதுக்கு வேலையே இல்ல. இடமா திரும்புனாத்தான் பாரம் இதும்மேல வரும். வண்டி உடம்பு எறங்கி டயரைத் தேய்க்கும். மலையை நூறு தபா வலம் வந்தாலும் தெரியாது." கொஞ்சம் தயங்கிச் சேர்த்துக்கொண்டான். "அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னே," என்றார் குருக்கள். "நான்தான் கேக்கலை."

ஸ்பிரிங்குக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே கட்டை கொடுத்து வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் காலை பூஜை முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், கோபுர வாசலிலேயே குருக்கள் சோமசேகரனை நிறுத்தினார்.

"வண்டியை எடுத்துண்டு போ. அந்த ஒட்டு உனக்குத் தெரியும்."

"என்ன ஒட்டு? நேக்கு ஒண்ணும் தெரியாது." சோமசேகரன் சுற்றிலும் பார்த்தான். ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் என்றதும் அவன் குரல் தைரியமானது. "அண்ணா, நீங்க தானே மலையைச் சுத்தி ஓட்டினேள்? உத்தமமான வண்டி, நான் பொறுப்புன்னேள். அண்ணாமலையார் சாட்சியா வெத்தலை மாத்திண்டாச்சு. மௌலிக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னா அதுக்கு நானா?"

"வளைவில நிக்கலைடா அந்த வண்டி."

"எந்த வளைவோ, எந்தக் குழியோ. சோதனை பண்ணின பாதையில காட்டுங்கோ. அதே கிரிவலப் பாதையில வண்டி தப்புப் பண்ணினா நான் திருப்பி எடுத்துக்கறேன். இல்லேன்னா, பெரியவா சொன்ன சொல்லை மாத்தினார்னு ஊர் பேசும். எனக்கென்ன?"

கூட்டத்தில் ஒருவர் கனைத்தார். குருக்களுக்கு அந்தப் பொறி புரிந்தது. அதே பாதையில் வலமாகப் போனால் வண்டி பூப்போலப் போகும். குறை தெரிய வேண்டுமென்றால் இடமாகப் போக வேண்டும். பிறந்து அறுபத்தொரு வருஷத்தில் மலையை இடப்பக்கம் விட்டு அந்தப் பாதையில் அவர் ஓர் அடி வைத்ததில்லை. அவர் அப்பா வைத்ததில்லை. மலைக்குப் பின்னால் இருக்கும் அடி அண்ணாமலையில் ஒரு சாவுக்குப் போனால்கூட முழுச் சுற்று வந்துதான் வீட்டுக்குள் நுழைவார்கள். அது ஊருக்கெல்லாம் தெரியும். சோமசேகரனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

வேண்டாமென்று விட்டுவிட்டால்? வண்டி வீட்டு வாசலில் நிற்கும். புது ஸ்பிரிங் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சாம்பமூர்த்தி தெரியாமல் பேசினார், பேசியதை மாற்றப் பார்த்தார், முடியாமல் அடங்கினார் என்பது நிற்கும். நாளை மௌலி கோயில் முறைக்கு வந்து நிற்கும்போதும் அது நிற்கும்.

அப்போது படியோரம் மோர்ப்பானையோடு உட்கார்ந்திருந்த உண்ணாமலை வாயைத் திறந்தாள். அடி அண்ணாமலை ஊர்க்காரி. நாற்பது வயதுக்காரி, தினம் அங்கே மோர் விற்பவள்.

"இன்னா சாமி இது, இம்மாம் யோசனை? நான் தெனம் வீட்டுக்கு இடமாத்தான் போறேன். வடக்கால போனா ரெண்டு மைலு. வலமா போறேன்னு மலையைச் சுத்துனா, எம்மாடு வந்து கறந்துக்குமா?" சிலர் சிரித்தார்கள். "என்னை வீட்ல விடுறேன்னு வண்டியை எடுங்க. ஆளை வீட்ல விடுறது வலமும் இல்ல, இடமும் இல்ல. யாரு கேப்பாங்க?"

நல்ல வழிதான். குருக்களின் மனம் ஒரு கணம் அதைப் பற்றிக்கொண்டது. பிறகு விட்டது.

"உன்னை அந்த வண்டியில ஏத்த மாட்டேன், உண்ணாமலை. அது ஆளைக் கொல்ற வண்டி. சாக்குச் சொல்லிண்டும் போகமாட்டேன்." அவர் கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தார். "எல்லாரும் கேட்டுக்கோங்கோ. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. வண்டியை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கணும்னு சுப்பன் சொன்னான். வேண்டாம்னு தடுத்தது நான். அதனால இன்னிக்கு இடமா போறேன், அடி அண்ணாமலை வரைக்கும். அந்தக் குத்தம் என்னோட போகட்டும்."

சோமசேகரனின் முகத்திலிருந்த இளிப்பு மெல்லக் கலைந்தது.

வண்டி வந்தது. சுருள்களின் எடைக்கு நான்கு மணல் மூட்டைகளைப் பின்னால் ஏற்றினார்கள். மௌலி ஓட்டுகிற இடத்தில் உட்காரப் போனான்.

"நீ இறங்கு. உன் ஆம்படையா கர்ப்பிணி."

"அப்பா, நீங்க மட்டும்..."

"இறங்குடா."

"நான் ஓட்டுறேன் சாமி," என்று சுப்பன் ஏறிக்கொண்டான்.

குருக்கள் நடு இருக்கையின் கதவைத் திறந்து பிடித்தார். வலப்பக்கத்துக் கதவு. "ஏறு, சோமு."

"நான் எதுக்கு, அண்ணா?"

"சாட்சி வேண்டாமா? உன் வண்டி. உன் வார்த்தை. வலப்பக்கமா உட்காரு, நன்னாத் தெரியும்."

இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியவில்லை. சோமசேகரன் ஏறினான். அவன் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்த ஸ்பிரிங். குருக்கள் மறுபக்கமாக ஏறி அவனருகில் உட்கார்ந்தார்.

"சுப்பா, கட்டையை எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன் சாமி."

"முப்பதுல போ. நான் சொன்னாலொழிய நிறுத்தாதே."

வண்டி வடக்கே கிளம்பியது. குருக்கள் இடப்பக்கம் பார்க்கவில்லை. மலை அங்கே இருக்கிறது என்பதைக் கழுத்து உணர்ந்தது. கடைசி வீடுகள் போயின. சாலை நேராக ஓடியது. கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய புளியமரம், அதைத் தாண்டியதும் இடப்பக்க வளைவு. அந்த இடத்தில் சாலையின் வலது ஓரம் கல் எடுத்த பள்ளம்.

பின்னால் இரும்பு ஒருமுறை கிறீச்சிட்டது.

"அண்ணா," என்றான் சோமசேகரன். "கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்கோ."

"ஏன்? நல்ல வண்டிதானே?"

"ரோடு சரியில்லை..."

"அன்னிக்கும் இதே ரோடுதான்."

புளியமரம் பெரிதாகிக்கொண்டு வந்தது. சோமசேகரன் முன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவன் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து வழிந்தது. குருக்கள் கையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுப்பனின் கண் கண்ணாடியில் அவரைத் தேடியது. அவர் தலையசைக்கவில்லை.

மரத்தின் நிழல் வண்டிமேல் விழுந்தது. சுப்பன் ஸ்டீரிங்கை இடப்பக்கம் தொட்டான்.

"நிறுத்துடா! சுப்பா, நிறுத்து! அது தாங்காது! ஒட்டு தாங்காது!"

குருக்கள் சுப்பனின் தோளைத் தொட்டார். வண்டி பள்ளத்துக்குப் பத்தடி முன்னால், சாலையிலேயே நின்றது. மணல் மூட்டை ஒன்றிலிருந்து மணல் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெல்டிங் பண்ணினவன் தாங்கும்னுதான் சொன்னான், அண்ணா," என்றான் சோமசேகரன், தலையைத் தூக்காமல். "நான் நம்பினேன்."

"நம்பினவன் எதுக்குத் தார் பூசினே?"

சோமசேகரன் கதவுப் பிடியைத் தடவினான்.

"அவ பிள்ளைத்தாச்சிடா. உனக்கும் மருமகதான்."

சோமசேகரன் கதவைத் திறந்து இறங்கினான். ஸ்பிரிங்கை மாற்றித் தருகிறேன், வெளியில் மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம், ஒரே குடும்பம் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

"ஒரே குடும்பம், அதனாலதான் சொல்லணும். இல்லேன்னா நாளைக்கு இதை வேற யார் தலையிலயோ கட்டுவே. என் தப்பை ஊர் கூட்டிச் சொன்னேன். உன் தப்பை நீயே போய்ச் சொல்லு. சாயங்காலம் பணத்தோட வெத்தலையைத் திருப்பிக் கொண்டு வா."

சோமசேகரன் வெறுங்காலோடு ஊர்ப்பக்கம் நடந்தான். சுப்பன் குனிந்து கட்டையைப் பழையபடி கொடுத்தான்.

"சாமி, ஏறுங்க. பைய ஊருக்குத் திருப்பிடலாம்."

"நீ போய் அவன் வீட்டு வாசல்ல நிறுத்து. அடுத்த வண்டி பார்க்கறச்சே, மொதல்ல இடமா சுத்திப் பாரு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"நீங்க வரலீங்களா?"

"அடி அண்ணாமலை வரைக்கும் போறேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே."

அதற்குள் காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு உண்ணாமலை வந்து சேர்ந்தாள். நிற்கிற வண்டியையும் நடக்கக் கிளம்பிய குருக்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா சாமி, என்னை வண்டியில ஏத்த மாட்டேன்னீங்க. இப்ப நீங்களே நடராஜா சர்வீஸா?"

"பேசாம நட," என்றார் குருக்கள்.

அவள் முன்னால் நடந்தாள். அவர் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மலையை இடப்பக்கம் விட்டு, அவள் பின்னால் நடந்தார்.