க்ளோரின் இல்லாத குளம்

ரஃபேல் தன் அம்மாவுக்காகத்தான் உப்புத் தண்ணீர்க் குளம் கட்டுகிறான் என்பது பாடாங் செராயில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத மீதிப் பேருக்கு அகத்தாவே சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தாலும் சரி, சந்தையில் மீன் வாங்க நின்றாலும் சரி, பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் மகனுடைய நீச்சல் குளத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். "க்ளோரினே கிடையாதாம். வெறும் உப்புதானாம். எனக்கு ஒத்துக்காதுன்னு தேடித் தேடிக் கண்டுபிடிச்சிருக்கான்" என்று சொல்லும்போது அவளுக்குப் பெருமை பிடிபடாது. கேட்டவர்கள் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்டுச் சலித்துப்போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஒத்துக்கொள்ளாது என்பது சும்மா சொன்ன சாக்கு அல்ல. கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை க்ளோரின் பிரிவில். ரப்பர் கையுறை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கையில் ஏற வேண்டுமென்றால் அதை க்ளோரின் தண்ணீரில் அலச வேண்டும். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் அவள் மகனைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தாள். அவனுக்குப் பட்டம் கிடைத்தது, அவளுக்கு ஆஸ்துமா கிடைத்தது. இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரி குளியலறை கழுவ க்ளோரின் பாட்டிலைத் திறந்தால் போதும், இங்கே இவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

சுங்கைப் பட்டாணிக்கு வெளியே, பழைய தோட்டம் ஒன்றைத் துண்டு போட்டு விற்றபோது புருஷன் வாங்கிப்போட்ட மனை அவள் பேரில் இருந்தது. அதில் பங்களா கட்டப்போகிறேன் என்று மகன் சொன்னதும் சரி என்றாள். கீழ்த்தளத்தில் உங்களுக்கு ஒரு அறை, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிடுங்கள் என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நீச்சல் குளம் என்றபோது மட்டும், "அது வேணாம்யா, அந்த வாடையில என்னால இருக்க முடியாது" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்போதுதான் ரஃபேல் உப்பைப் பற்றிச் சொன்னான். அவளும் மனம் குளிர்ந்து சம்மதித்தாள்.

குழி தோண்டி, சிமெண்டு போட்டு, ஓடு பதிக்கிற கட்டம் வந்த பிறகு, உப்பு இயந்திரம் வாங்க ஒரு சனிக்கிழமை காலை டவுனில் இருக்கிற கடைக்குப் போனார்கள். "நீங்க வீட்டுல இருங்கம்மா, இது மெஷின் விஷயம்லா" என்று ரஃபேல் சொல்லத்தான் செய்தான். எனக்காக வாங்குவதை நான் பார்க்காமல் இருப்பேனா என்று, பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு அகத்தா எல்லாருக்கும் முன்னால் காரில் ஏறி உட்கார்ந்தாள். மருமகள் வனேசா வழியெல்லாம் கைப்பேசியில் தோட்டத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைக்காரர் ரவிச்சந்திரன் நல்ல வாயாடி. பெரிது சின்னது என்று வரிசையாக இயந்திரங்களைக் காட்டினார். "பாஸ், உங்க குளத்துக்கு எது போதுமோ அதுக்கு ஒரு சைஸ் மேலயே எடுங்க. சின்னத வாங்கினா ராவும் பகலும் ஓடி ஓடிச் சீக்கிரம் செத்துரும். பெருசு பாதி வேகத்துல ஓடினாலே போதும், ரொம்ப நாளைக்கு வரும். தானா சுத்தம் பண்ணிக்கிற மாடல் எடுங்க. இல்லன்னா கழட்டிக் கழட்டி ஆசிட்ல ஊற வெக்கணும்." ரஃபேல் கைகட்டிக்கொண்டு கேட்டான். அகத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பெரியதையே வாங்கட்டும் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டாள்.

கடை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் இயந்திரத்தின் தகடுகள் முங்கியிருக்க, வெள்ளையாகச் சின்னக் குமிழிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. "தொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க ஆண்ட்டி, கடல் தண்ணி மாதிரிக் கரிக்காது" என்றார் ரவிச்சந்திரன். அகத்தா சிரித்துக்கொண்டே குனிந்தாள். குனிந்தவளுக்குத் தொண்டை சட்டென்று இறுகியது. லேசான வாடைதான். ஆனால் அந்த வாடையைத் தெரிந்துகொள்ள அவளுக்கு இரண்டாவது மூச்சு தேவைப்படவில்லை. இருமிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

"தம்பி, என்ன வாடை இது?"

"க்ளோரின், ஆண்ட்டி. உப்புத் தண்ணி அந்தத் தகட்டுல போவுதுல்ல, கரண்டு அதப் பிரிச்சு க்ளோரினா மாத்திடும். கடையில வாங்கி வாளி வாளியா ஊத்துற வேலையே இல்ல."

"அப்போ இதுலயும் க்ளோரின் இருக்கா?"

"இல்லாம எப்படி? அது இல்லன்னா ஒரே வாரத்துல தண்ணி பச்சையாயிடுமே!"

அகத்தா மகன் பக்கம் திரும்பினாள். பாவம், இவனையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு ஆசை. அவனுக்காகக் கடைக்காரரோடு சண்டை போடவும் தயாராக இருந்தாள். ஆனால் ரஃபேல் திடுக்கிடவில்லை. கையில் இருந்த விளக்கத் தாளை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான். வனேசா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "நீங்க இன்னும் அம்மாகிட்ட சொல்லலையா?" என்று அவனைக் கேட்டாள்.

"நான் பொய் சொல்லலம்மா" என்றான் ரஃபேல். "க்ளோரின் வாங்கி ஊத்த மாட்டோம்னுதான் சொன்னேன். அது உண்மைதானே? நீங்க எதச் சொன்னாலும் முடியாதுன்னு நின்னீங்க. பிள்ளைங்க வேற ஆசையா இருந்துச்சுங்க. நான் என்ன பண்ண?"

"வாடை கம்மிதான் ஆண்ட்டி. ஒழுங்காப் பாத்துக்கிட்டா வெளியில தெரியவே தெரியாது" என்று ரவிச்சந்திரன் இடையில் புகுந்தார்.

அது உண்மையாகவும் இருக்கலாம். இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மகன் முதலிலேயே கேட்டிருந்தால், அகத்தா பேரப்பிள்ளைகளுக்காகத் தலையாட்டியிருப்பாள். எத்தனையோ வருஷம் பொறுத்தவள்தானே. ஆனால் அவன் கேட்கவில்லை. தன்னுடைய நெஞ்சடைப்பைக் காட்டி இவன் நல்ல பிள்ளை என்று பேர் வாங்கிவிட்டான். அந்தப் பேரையும் அவள்தான் தெருத்தெருவாகப் போய் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நாளைக்குப் பூசைக்குப் போனால் எந்த முகத்தோடு நிற்பது என்று நினைத்தபோது அவமானத்தில் காது சுட்டது. மனை என் பேரில் இருக்கிறது, குழியை மூடு என்று சொல்ல வாய் வரை வந்தது. பேத்தி ஏற்கெனவே நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறாள். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

ரவிச்சந்திரன் பேச்சை மாற்றும் எண்ணத்தில், "மெஷினும் பம்பும் எங்க வெக்கிறீங்க?" என்று கேட்டார். ரஃபேல் வீட்டு வரைபடத்தை விரித்துப் பின்சுவரைக் காட்டினான்.

"இது யாரு ரூம் ஜன்னல்?"

"அம்மாவோடது."

"அங்க வேணாம் பாஸ். தண்ணியில கலக்குற ஆசிட் டின்னெல்லாம் அங்கதான் வெப்பீங்க. சத்தம் வேற. ஆண்ட்டி இந்த வாடைக்கே இருமுறாங்க, கொஞ்சம் தள்ளி வெச்சிருங்க."

"தள்ளின்னா பார்பிக்யூ இடத்துக்குத்தான் போகணும்" என்றாள் வனேசா. "அதையும் எடுத்துட்டா அப்புறம் குளம் எதுக்கு?" அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நியாயமான ஒன்றைச் சொல்கிறவளைப் போலத்தான் சொன்னாள்.

ரஃபேல் யோசித்தான். "ம்மா, ஜன்னலச் சாத்தி வெச்சிக்கலாம். குளுகுளுன்னு நல்ல ஏர்கோனா மாட்டித் தரேன், சரியா?"

அகத்தாவுக்குப் பொறுமை அற்றுப்போனது. "ஜன்னல எதுக்குடா சாத்தணும்? அந்த ரூமையே உன் மெஷினுக்குக் குடுத்துடு. நான் பாடாங் செராயிலேயே கெடந்துக்கிறேன்."

அது கோபத்தில் சொன்ன வார்த்தை. எந்தத் தாயும் சொல்லுகிற வார்த்தை. "என்னம்மா பேச்சு இது" என்று அவன் பதறிப்போய்க் கையைப் பிடிப்பான் என்று அகத்தா காத்திருந்தாள். பிடித்தால் போதும், ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மெஷினை எங்கே வேண்டுமானாலும் வைத்துத் தொலை என்று சொல்லியிருப்பாள். வனேசாகூடக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். ரஃபேல் வரைபடத்தின் மேல் குனிந்து, அம்மாவின் அறையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரலால் அளந்தான். பிறகு ரவிச்சந்திரனை நிமிர்ந்து பார்த்தான்.

"உள்ள வெச்சா ஓகேயா, அண்ணே? காத்து போதுமா?"