நடுவில் தூண் இல்லாத கூடம்

நியூ ஜெர்சியில் வான்மதி இருக்கும் ஊரில் ஒரு பழைய சமுதாயக் கூடம் உண்டு. இங்கிலாந்திலிருந்து பீங்கான் ஆலைக்கு வேலைக்கு வந்தவர்கள், தங்கள் ஊரில் இருந்ததைப் போலவே கட்டிக்கொண்டது. செங்கல் சுவர், செங்குத்தாக இறங்கும் கூரை, வாசலில் மரத்தாலான சின்ன முகப்பு. வெளியே அத்தனை அழகு. உள்ளே நுழைந்தால் தலைக்கு மேல் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை அட்டைகள் பதித்த ஃபால்ஸ் சீலிங்.

சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளி அங்கேதான் நடந்தது. வசந்த காலத்தில் ஒரு நாள், கூடத்தை நிர்வகிக்கும் டாரத்தி பெற்றோர்களைக் கூப்பிட்டு, சீலிங்குக்கு மேலே ஒரு மரம் விரிசல் விட்டிருப்பதாகச் சொன்னார். பார்க்க வந்த கான்ட்ராக்டர் ஒருவர், கூடத்தின் நடுவில் இரும்புத் தூண் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனாராம்.

"நடுவிலயா? Then where do we dance?" என்றாள் வான்மதியின் மகள் வெண்பா. பொங்கலுக்கு அவர்கள் கோலாட்டம் ஆடுவது அந்த இடத்தில்தான்.

வான்மதி கட்டட இன்ஜினியர். வருடம் முழுக்க பார்க்கிங் கட்டடங்களுக்குக் கணக்குப் போடுகிறவள். தான் ஒருமுறை மேலே ஏறிப் பார்க்கலாமா என்று டாரத்தியிடம் கேட்டாள். அவர் தயங்கிவிட்டு, சரி என்றார்.

மறுநாள் கணவன் கிரீஷ் ஏணியைப் பிடித்துக்கொள்ள, வான்மதி ஓர் அட்டையை நகர்த்தி டார்ச் அடித்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னாச்சு மதி? எலியா?"

"ஏங்க, மேல வந்து பாருங்களேன்."

"நான் வந்துட்டா ladder-அ யாரு புடிக்கறது?"

இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் தடித்த ஓக் மரங்கள் கை நீட்டியிருந்தன. அவற்றின் மேலிருந்து வளைந்த மரங்கள் எழும்பி உச்சியில் சேர்ந்தன. ஆணியே இல்லை, எல்லாம் மர முளைகள். குறுக்கே ஓர் உத்திரம்கூட இல்லாமல் அத்தனை அகலக் கூரையும் நின்றது. இதையா மூடி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

விரிசலைத் தேடிப் பார்த்தாள். உள்ளே பழைய வார்னிஷ் இறங்கி உறைந்திருந்தது. அப்படியென்றால் வார்னிஷ் பூசுவதற்கு முன்பே, மரம் காய்ந்தபோது விழுந்த கீறல் அது. அதனால் ஆபத்தில்லை. ஆனால் ஒரு மூலையில், சுவரை ஒட்டிய மர நுனியில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தியபோது கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே தண்ணீர் வடியும் குழாய் அடைத்து, மழைநீர் அங்கே ஊறியிருக்கிறது. கூரையின் பாரம் முழுக்கச் சுவருக்குத்தான் போகிறது. நடுவில் தூண் நிறுத்தி என்ன பயன்?

தூண் வேண்டாம், அந்த மூலையைச் சரிசெய்தால் போதும் என்று வான்மதி சொன்னதும், "அப்படின்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று டாரத்தி கேட்டார்.

காரில் கிரீஷ் மெதுவாகச் சொன்னான். "கையெழுத்துப் போட்டு உன் engineer seal-ம் வெச்சுட்டா, நாளைக்கு ஏதாச்சும்னா உன் தலைலதான் விழும். நல்லா யோசிச்சுக்கோ."

"அதான் எனக்கும் பயமா இருக்குங்க. கீழ ஆடறது நம்ம பசங்க."

அடுத்த வார இறுதியில் அவள் மறுபடி ஏறினாள். இம்முறை ஒவ்வொரு மரமும் சுவரில் உட்காரும் இடத்தைத் தட்டி, குத்திப் பார்த்தாள். மற்றவை எல்லாம் கல் மாதிரி இருந்தன. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

கோடையில் தச்சர்கள் வந்து அழுகிய நுனியை அறுத்துவிட்டுப் புது ஓக் மரத்தைக் கோத்துப் பொருத்தினார்கள். அதற்காகச் சீலிங்கைப் பிரித்த அன்று, டாரத்தி கூடத்தின் நடுவில் நின்று வெகு நேரம் அண்ணாந்து பார்த்தார். இதற்குள்ளேதான் தனக்குக் கல்யாணம் நடந்தது, ஆனால் இந்தக் கூரையைப் பார்த்ததே இல்லை என்றார். திரும்ப மூடவேண்டாம் என்று கமிட்டியில் அவரே பேசி முடித்தார்.

பொங்கலன்று, சீலிங் இல்லாததால் கூடம் கொஞ்சம் குளிராகத்தான் இருந்தது. பிள்ளைகள் பட்டுப் பாவாடைக்கு மேல் குளிர்கால ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். முதல் அடியிலேயே கோல்களின் சத்தம் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. பிள்ளைகள் திடுக்கிட்டு, சிரித்துவிட்டு, இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

"அம்மா, it's like a ship upside down!" என்று வெண்பா ஆட்டத்தின் நடுவே கத்தினாள்.

"கோலப் பாத்து அடி, கண்ணு!" என்றாள் வான்மதி. அவள் மட்டும் பொங்கல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்து வலிக்க வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.